தண்ணீர் நேரம்

மனிதகுலத்தின் மிகப் பழைய நோய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவுக்கு வந்தது. நீரிணையின் நடுவே கடலைத் தூர்த்துக் கட்டப்பட்ட புதுத்துறை நகரத்தின் பேரவை அன்றுதான் இனமின்மைச் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இனி எந்த வேட்பாளரும் தன் இனத்தைக் காட்டி வாக்குக் கேட்க முடியாது. உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் கண்ணீர் விட்டார்கள். பிறகு மதிய உணவுக்குப் போய், வழக்கம்போல நான்கு தனித்தனி மேசைகளில் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து தேர்தல்கள் நடந்துவிட்டன. ஆறாவது தேர்தலுக்காக வேம்புக் குடியிருப்பின் மைதானத்தில் அன்று மாலை மூன்றாம் எண் வேட்பாளர் பேசிக்கொண்டிருந்தார். வேட்பாளர்களுக்குப் பெயர் கிடையாது. பெயர் இனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சொந்த முகமும் கிடையாது. நகரவாசிகள் எல்லாருடைய முகங்களையும் கலந்து சமநிலை ஆணையம் உருவாக்கிய பொதுமுகம் என்ற ஒளித்திரை, தலையிலிருந்து கழுத்துவரை படர்ந்திருக்கும். அதைப் பார்த்த ஒவ்வொரு குடியிருப்பும், மூக்கு மட்டும் பக்கத்துக் குடியிருப்புக்காரனுடையது என்று சொன்னது. குரல் பொதுக்குரல். லிஃப்டில் தளத்தின் எண்ணை அறிவிக்கும் குரலைப் போல இருக்கும். கைகளுக்குச் சாம்பல் நிற உறை.

வேம்பில் இருந்தவர்கள் தமிழர்கள். அந்தச் சொல்லைப் பொது இடத்தில் உச்சரித்தால் ஒரு மாதத்துக்குக் குடிநீர்ப் பங்கு பாதியாகும். ஆகையால் எல்லாரும் வேம்புக்காரர்கள் என்றே சொன்னார்கள். மூங்கில்காரர்கள், தென்னைக்காரர்கள், பலாக்காரர்கள் என்று மற்ற மூன்று குடியிருப்புகளிலும் மற்றவர்கள் இருந்தார்கள். குடியிருப்புகளுக்கு மரங்களின் பெயர் வைத்ததும் ஆணையம்தான். நாமெல்லாம் ஒரே தோப்பு என்பது அதன் முழக்கம்.

மைதானம் நிறைந்திருந்தது. கூட்டம் முழுவதும் மேடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சை யாரும் கேட்கவில்லை.

"குடிக்கப் போறாரு, குடிக்கப் போறாரு," என்று கனகாம்புஜம் தொலைநோக்கியைக் கண்ணில் அழுத்திக்கொண்டாள். "ஏய் புனிதா, சத்தம் போடாத."

"நான் எங்கக்கா சத்தம் போட்டேன்?"

"மூச்சு விடுற சத்தம் கேக்குது. அத அப்புறமா விட்டுக்க."

புனிதவல்லி, கனகாம்புஜத்தின் அடுத்த வீட்டுக்காரி. மூச்சை அப்புறம் விட்டுக்கொள்ளலாம் என்று அவளும்கூட நினைத்தாள். இது தண்ணீர் நேரம்.

பெயரும் முகமும் குரலும் போன பிறகு, மக்கள் வேட்பாளரின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வளர்ந்த வீட்டின் பழக்கம் எங்காவது ஓரிடத்தில் ஒழுகிவிடும். அதற்கு இனக்கசிவு என்று பெயர். கைகுலுக்கிய பிறகு கையை நெஞ்சில் வைக்கிறாரா என்று தென்னைக்காரர்கள் பார்ப்பார்கள். துண்டறிக்கையை இரண்டு கையாலும் நீட்டுகிறாரா என்பது மூங்கில்காரர்களுக்குத் தெரிய வேண்டும். பலாவில் மீன் போட்டு விருந்து வைத்து, முள்ளை வாய்க்குள்ளேயே பிரிக்கிறாரா என்று சுற்றி நின்று கவனிப்பார்கள். வேம்புக்காரர்களுக்குத் தண்ணீர். தம்ளரை உதட்டில் வைத்தால் வேற்றாள். தூக்கிப் பிடித்து அண்ணாந்து குடித்தால் நம்மாள்.

வேண்டுமென்றே கசிவது குற்றம். தானாகக் கசிவது மனித உரிமை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு வந்த வாரமே, தானாகக் கசிவதற்குப் பயிற்சி தரும் நிலையங்கள் நகரமெங்கும் திறந்தன.

மேடையில் மூன்றாம் எண் பேச்சை நிறுத்தினார். எவர்சில்வர் தம்ளரை எடுத்தார். தலை பின்னால் சாய்ந்தது. தம்ளர் நெற்றிக்கு மேலே போய் நின்று சரிந்தது. நூல் போலத் தண்ணீர் இறங்கிப் பொதுமுகத்தின் உதடுகளுக்குள் மறைந்தது. மைதானத்தில் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். எங்கிருந்தோ உறுமி கிளம்பியது.

"நம்மாளு! நம்மாளு!"

நம்ம என்ற சொல்லுக்குத் தடை இல்லை. ஆணையம் முயன்று பார்த்தது. தடை உத்தரவே 'நம் நகரத்தில்' என்று தொடங்கியதால் கைவிட்டுவிட்டது.

"ஒரு சொட்டு சிந்தலயே," என்றான் பின்னால் நின்ற சவரிமுத்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். மேலேயிருந்தே பார்த்துப் பழகியதால் எதையும் லேசில் நம்பமாட்டான்.

"அதுக்கு என்னா இப்ப?" என்று கனகாம்புஜம் திரும்பினாள்.

"நம்மாளு குடிச்சா கழுத்து நனையும், காலர் நனையும், ஒருவாட்டியாச்சும் புரையேறும். இவரு கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி வாய்க்குள்ள விட்டுக்கிறாரு."

"வாய மூடு சவரி. ஒழுங்கா குடிச்சாலும் குத்தம் கண்டுபிடிக்கிற ஒரே ஆளு ஊர்லயே நீதான்."

சிந்தாமல் குடிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே புனிதவல்லிதான்.

ஊரார் கண்ணுக்கு அவள் மேடை ஒழுங்கு நிலையம் ஒன்றில் வேலை பார்ப்பவள். உண்மையில் அங்கே அவள் கசிவுப் பயிற்சியாளர். வேம்புப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. மூன்றாம் எண் முதல் நாள் பயிற்சி அறைக்கு வந்தபோதே ஒன்று தெளிவாகிவிட்டது. இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர் வேம்புக்காரராக இருக்க முடியாது. வேறு எங்கிருந்து வந்தவர் என்று கேட்கும் வழக்கம் நிலையத்தில் இல்லை.

"நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள்," என்றது பொதுக்குரல்.

"எனக்குத் தாகமில்ல சார். பாவை காட்டும்."

அறையின் நடுவே பயிற்சிப் பாவை எழுந்தது. ஒளியாலான ஓர் உருவம். அது தம்ளரைத் தூக்கி, தலையைச் சாய்த்து, ஒளித் தண்ணீரைக் குடித்தது. மூன்றாம் எண் அதைப் பார்த்து ஒரு வாரம் பழகினார். எட்டாம் நாள் பாவைக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்று புனிதவல்லி கதவைச் சாத்திவிட்டுத் தன் கூலியைக் கேட்டாள்.

"சார், கடலணைய பத்தித்தான். கடல் ஏறிட்டே வருது. புது அணை சின்னதாத்தான் கட்ட முடியும், நாலுல ஒரு குடியிருப்பு வெளிய போயிடும்னு எஞ்சினியருங்க சொல்லிட்டாங்க. எதுன்னு முடிவு பண்றது இந்த நாலுக்கும் சேத்து ஜெயிக்கிற உறுப்பினர்தான். எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. பதினாலாவது மாடி. வேம்ப வெளிய விட்டுடாதீங்க."

பொதுமுகம் அவளை நிதானமாகப் பார்த்தது. "வேம்பு அணைக்கு உள்ளே இருக்கும்," என்றது. "இது என் வாக்கு."

அதற்காகத்தான் அவள் தன் குடியிருப்பு முழுவதையும் ஏமாற்றச் சம்மதித்தாள். நம்மாள் ஒருவன் வந்து நம்மை ஏமாற்றுவதைவிட, வேற்றாள் ஒருவன் வாக்கைக் காப்பாற்றுவது மேல் அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மைதானத்துக் கூட்டம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது தொண்டை வறண்டிருந்தது. அம்மா சிவபாக்கியம் கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தாள்.

"ஒன் தம்ளர எடுத்துக்கடி. என்னோடத தொடாத."

"தெரியும்மா."

"தெரிஞ்சா சரி. முப்பத்தஞ்சு வருசமா சொல்லிட்டிருக்கேன். என்னா சொன்னாரு அந்தாளு?"

"எல்லாரும் ஒண்ணுன்னாரு."

"அய்யோ," என்றாள் சிவபாக்கியம். "அப்ப யாருக்கோ கஷ்டகாலம்."

மூன்றாம் எண் வென்றார். நான்கு குடியிருப்புகளிலும் வென்றார். தென்னையில் அவர் கை நெஞ்சுக்குப் போயிருந்தது, மூங்கிலில் இரண்டு கையும் நீண்டிருந்தது, பலாவில் கெண்டை மீன் முள்ளை நாக்காலேயே ஒதுக்கிவிட்டார். நம்மாள் ஜெயித்துவிட்டார் என்று நான்கு இடங்களிலும் வெடி வெடித்தார்கள். ஏமாந்துபோன மற்ற மூன்று குடியிருப்புகளையும் நினைத்து நான்கு குடியிருப்புகளும் பரிதாபப்பட்டன.

தோற்ற வேட்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. நான்கு கூட்டங்களின் காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரே ஆள் நான்கு இனமாக எப்படிக் கசிய முடியும் என்று கேட்டார்கள். நகரம் கொதித்தது. புனிதவல்லிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் உறுப்பினர் எல்லாத் திரைகளிலும் தோன்றினார்.

"பொய்க்கசிவு ஒரு துரோகம்," என்றது பொதுக்குரல். "யார் உண்மை, யார் போலி என்று தெரியாமல் ஒரு சமூகம் வாழ முடியாது. இந்தக் குற்றச்சாட்டை நான் மனமார வரவேற்கிறேன். போலிகளைக் களைவோம். வேட்பாளர்களோடு நின்றுவிடாமல், வாக்காளர்களிலும் களைவோம். கடலணையைப் பற்றியும் நல்ல செய்தி இருக்கிறது. நான்கு குடியிருப்புகளுமே அணைக்கு உள்ளேதான் இருக்கும். இடம் மட்டும் குறையும். ஆகையால் ஒவ்வொரு குடியிருப்பிலும் அதற்கு உண்மையாக உரியவர்கள் மட்டும் தொடர்ந்து இருப்பார்கள். மற்றவர்களுக்கு அணைக்கு வெளியே மிதவைகள் தரப்படும். கடல் அனுமதிக்கும் வரை அவர்களும் நம் நகரவாசிகளே."

கனகாம்புஜம் நடைபாதையில் நின்று கைதட்டினாள். "நல்லா வேணும். மூங்கில்ல பாதிப் பேரு டூப்புன்னு நான் எப்பவோ சொன்னேன்."

மூங்கிலிலும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

உரியவரைக் கண்டுபிடிக்க ஆணையம் கசிவுமானி என்ற கருவியைக் கொண்டுவந்தது. அது எதிரே நிற்பவரின் அசைவைத் தன்னிடமுள்ள அசல் மாதிரியோடு ஒப்பிடும். இனமின்மைச் சட்டம் கொஞ்சமும் மீறப்படவில்லை. கருவி யாருடைய இனத்தையும் சொல்லாது. உரியவர், உரியவரல்லர் என்று மட்டும் சொல்லும்.

அசல் மாதிரி என்ற சொல் புனிதவல்லியைத் தூங்கவிடவில்லை. நிலையத்தின் தனி இணைப்பில் உறுப்பினரை அழைத்தாள். திரையில் பொதுமுகம் வந்தது. பதவிக்காலம் முழுவதும் அதைக் கழற்றக்கூடாது என்பது விதி. கழற்ற யாருக்கும் விருப்பமும் இருந்ததில்லை.

"சார், வேம்புக்கு மாதிரியா யார வச்சிருக்கீங்க?"

"தூய்மையான மாதிரி வேண்டும் என்று ஆணையம் கேட்டது. குடியிருப்பில் எடுத்த படங்கள் எதுவும் தேறவில்லை. ஒருவர் இருமுகிறார், ஒருவர் சட்டையில் துடைக்கிறார், ஒருவர் பேசிக்கொண்டே குடிக்கிறார். பிழையில்லாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது."

"நீங்க குடிச்சது."

"நான் குடித்தது."

"சார், ஆனா நீங்க…"

"நான்?" என்று கேட்டது பொதுக்குரல்.

வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் தடைசெய்யப்பட்ட ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அதோடு, புனிதவல்லி தான் செய்த குற்றத்தையும் சொல்ல வேண்டும்.

"வேம்பு அணைக்கு உள்ளேதானே இருக்கிறது?" என்று அன்பாகவே கேட்டுவிட்டு அவர் மறைந்தார்.

மறுநாள் அவள் கனகாம்புஜத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தாள்.

"அப்ப அந்த மெசினு கேக்குற மாதிரி குடிக்க ஒனக்கு சொல்லித்தரத் தெரியும்."

"தெரியும்க்கா."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னா? மத்த கதையெல்லாம் யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு மாடி மாடியாகக் கதவைத் தட்டப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பதினாலாவது மாடி நடைபாதை பள்ளிக்கூடமானது. புனிதவல்லி நிலையத்திலிருந்து பயிற்சிப் பாவையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து அண்ணாந்து குடித்தவர்கள் வரிசையில் நின்று அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொண்டார்கள். நடைபாதை நனைந்தது. குடிநீர்ப் பங்கு வாரத்தின் நடுவிலேயே தீர்ந்ததால் கடல்நீரில் பழகி, சிலர் வாந்தி எடுத்தார்கள்.

"கழுத்து ரொம்ப சாயுது. மோவாய கொஞ்சம் இறக்குங்க. தம்ளரு நெத்திக்கு நேரா. முழுங்கும்போது வாய மூடாதீங்க."

"எங்கப்பன் பாட்டன் குடிச்ச மாதிரி குடிக்கிறேன்," என்று சவரிமுத்து இருமினான். "என்னைய மாதிரி குடிக்கக் கத்துக்கிட்டவன பாத்து, நான் திரும்பக் கத்துக்கணும். நல்லாருக்குலா நியாயம்."

"பேசிக்கிட்டே குடிக்காதண்ணே. மைனஸ் போடும்."

"எனக்குப் பேசாம குடிக்க வராது."

"பாவைய பார்த்தா புரிய மாட்டேங்குது புனிதா," என்றாள் கனகாம்புஜம். "வெளிச்சம் கண்ண கூசுது. நீயே ஒருவாட்டி குடிச்சுக் காட்டு."

"எனக்குத் தாகமில்லக்கா."

அவர்களுக்கு அது தொழில்காரியின் மிடுக்காகத் தெரிந்தது. புனிதா இருக்கும்வரை வேம்புக்குக் கவலையில்லை என்று பேசிக்கொண்டார்கள். முறுக்கு வந்தது, மீன் குழம்பு வந்தது. ஒரு வீட்டில் சிவபாக்கியத்துக்கென்று புதுப் போர்வையே வாங்கிக் கொடுத்தார்கள்.

சோதனை நாளன்று அதிகாரிகள் முதலில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க மாடி ஏறினார்கள். சிவபாக்கியம் அரைத் தூக்கத்தில் இருந்தாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்துத் தம்ளரைக் கையில் வைத்ததும், யார் என்ன என்று கேட்காமல், கண்ணைக்கூடத் திறக்காமல் மேலே தூக்கி ஊற்றிக்கொண்டாள். கருவி பச்சையாக ஒளிர்ந்தது. உரியவர்.

"யாருடி இவனுங்க?" என்று அப்புறம்தான் கேட்டாள்.

கீழே மைதானத்தில் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு உட்புறம் குடியிருப்பின் வாசல். வெளிப்புறம் படகுத்துறைக்கு இறங்கும் படிகள். படிகளின் அடியில் மிதவைகளை இழுத்துச் செல்லும் படகு இயந்திரத்தை அணைக்காமல் காத்திருந்தது. நடுவில் ஒரு மேசை, ஒரு கசிவுமானி, ஓர் அதிகாரி, அடுக்கிய தம்ளர்கள். முந்தைய நாள் அலை மூன்றாவது படிவரை வந்த ஈரம் அப்படியே இருந்தது.

கனகாம்புஜம் தேறினாள். பாவையே வந்து குடித்த மாதிரி இருந்தது. வேலிக்கு உள்ளே போய்த் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

சவரிமுத்து தம்ளரை எடுத்தான். நெற்றிக்கு நேரே தூக்கினான். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது, "நல்ல தண்ணியாத்தான் குடுக்குறானுங்க," என்று அவனுக்குச் சொல்லத் தோன்றிவிட்டது. கழுத்து நனைந்தது. காலர் நனைந்தது. கருவி சிவந்தது.

"உரியவரல்லர். படி அந்தப் பக்கம்."

"தெரியுதுலா," என்றான். சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். மூன்றாவது படியில் நின்று ஒருமுறை மேலே பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் பதினாலாவது மாடி தெரியாது.

அவனுக்குப் பின் வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே போனார்கள், பாதிப் பேர் இறங்கினார்கள். ஒரு வீட்டில் கணவன் உள்ளே, மனைவி படியில். ஒரு வீட்டில் இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி மட்டும் உள்ளே. யாரும் அழவில்லை. அழுதால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று புனிதவல்லியே வகுப்பில் எச்சரித்திருந்தாள்.

அவள் முறை வந்தது. வேலிக்குள்ளிருந்து கனகாம்புஜம் கத்தினாள்.

"சார், அவள எதுக்கு சார் சோதிக்கிறீங்க? எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்ததே அவதான்! ஒங்க மெம்பருக்கே அவதான்…" என்று தொடங்கியவள், பக்கத்திலிருந்தவர் இடித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரி சிரித்தார். முகத்தில் திரை போடாத, தூக்கமில்லாத ஓர் இளைஞர். "அப்ப உங்களுக்கு ரெண்டு நிமிச வேலதான்க்கா. குடிச்சுட்டுப் போய் அம்மாவைப் பாருங்க."

மேலே சன்னலில் புதுப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. புனிதவல்லி தம்ளரை எடுத்தாள். வேலிக்கு உள்ளே இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள். இதுவரை யாருமே பார்த்ததில்லை. அவள் தம்ளரை நெற்றிக்கு நேரே தூக்கினாள். மோவாயை இறக்கினாள். வகுப்பில் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. தண்ணீர் முதலில் மூக்கில் விழுந்தது, பிறகு கண்ணில். மீதி ரவிக்கைக்குள் இறங்கியது. வாய்க்குள் ஒன்றும் போகவில்லை.

"இன்னொரு தம்ளர் தரலாம்," என்று அதிகாரி தணிந்த குரலில் சொன்னார். "ஒரு முறை விதியில் இடமிருக்கு."

அதையும் வாங்கித் தூக்கினாள். இந்த முறை இருமல் வந்தது. கையில் மிச்சமிருந்ததை, தாகம் தாங்காமல், தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்துவிட்டாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அண்ணாந்து குடிக்க வராது.